மருந்தும் நஞ்சாகும்: நச்சுப் பாதிப்பும் நச்சுமுறி மருந்துகளும்

எமது இல்லங்களில் உள்ள மருந்துகள், துப்புரவுப் பொருட்கள், எரிவாயுச் சாதனங்கள் முதலியவற்றால் ஏற்படக்கூடிய நச்சுப் பாதிப்பைப் பற்றி இப்பகுதி விளக்குகிறது. எப்பொருள் உடலில் என்ன செய்கிறது, எதற்கு நச்சுமுறி மருந்து உண்டு, எதற்கு இல்லை, உதவி நாடுவோருக்குச் சட்டம் எத்தகைய பாதுகாப்பை அளிக்கிறது ஆகியவற்றை இங்கே காணலாம். அவசர வேளையில் செய்யவேண்டியவை முதலில் தரப்பட்டுள்ளன. ஏனையவற்றை ஆறுதலாக வாசித்து, வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் எடுத்துக் கூறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

உடனடியாகச் செய்யவேண்டியவை

நஞ்சு உட்கொண்டவர் மயக்கமுற்றிருந்தால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், வலிப்புக் கண்டால், அல்லது எழுப்ப முடியாத உறக்கத்தில் இருந்தால், 999 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் கோருங்கள். மூச்சு இருந்து நினைவு இல்லாதவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி தொண்டைக்குள் செல்லாதிருக்க இது உதவும். அளவுக்கு மீறி மாத்திரை உட்கொண்டவர் நலமாகத் தோன்றினாலும், அவரை உடனே வைத்தியசாலையின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உட்கொண்டது ஆபத்தானதா என்ற ஐயம் மட்டுமே இருக்குமாயின் 111 என்ற இலக்கத்தை அழையுங்கள். இச்சேவை இலவசமானது, இரவு பகலாக இயங்குவது.

வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். உப்பு நீர், புளிக் கரைசல், முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைப் புகட்டும் வழக்கம் ஊரில் இருந்தது. இவை பயன் தருவதில்லை, தீங்கும் செய்யும். செறிந்த உப்பு நீர் குருதியில் சோடியத்தின் அளவை உயர்த்தி உயிரையே பறிக்கக்கூடும். பிளீச் போன்ற அரிக்கும் திரவம் வாந்தியாக மேலே வரும்போது உணவுக்குழாயை இரண்டாவது முறையும் புண்ணாக்கும். மண்ணெண்ணெய், விளக்கு எரிக்கும் திரவங்கள், பெயின்ற் கரைப்பான் போன்றவை வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகுந்து கடும் அழற்சியை உண்டாக்கும். வைத்தியரோ தொலைபேசியில் ஆலோசனை வழங்குபவரோ கூறினாலன்றி, உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்கவேண்டாம்.

தோலிலோ கண்ணிலோ இரசாயனம் பட்டால், நனைந்த உடையை அகற்றி, ஓடும் குளிர்ந்த நீரால் 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவுங்கள். போத்தல், மாத்திரை அட்டை, செடியின் கிளை என எது கிடைத்தாலும் அதை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"மருந்து குடித்தார்" என்றால் என்ன?

எம்மவர் பேச்சில் "மருந்து" என்ற சொல் நோய் தீர்க்கும் மருந்தையும் குறிக்கும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியையும் குறிக்கும். "கிருமிநாசினி" என்ற சொல்லும் அத்தகையதே. இலங்கையில் அது பூச்சிகொல்லியைக் குறிக்க வழங்குகிறது. இங்கே மொழிபெயர்ப்புகளில் தரை துடைக்கும் திரவத்துக்கும் அதே சொல் வருகிறது. பதற்றத்தில் "மருந்து குடித்துவிட்டார்" என்று மட்டும் கூறினால், உரைபெயர்ப்பாளர் எதை மொழிபெயர்ப்பார்? மாத்திரைகளா, பாணியா, துப்புரவுத் திரவமா, பூச்சிகொல்லியா என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். பொருளின் பெயர், உட்கொண்ட அளவு, உட்கொண்ட நேரம், அவரது வயது, அவர் வழக்கமாக எடுக்கும் மருந்துகள் ஆகிய ஐந்து தகவல்களே சிகிச்சையின் போக்கைத் தீர்மானிப்பவை.

ஆங்கிலம் பேச இயலாதவர்கள் அழைப்பின் தொடக்கத்தில் "டமில் இன்ரர்பிரிற்றர் பிளீஸ்" என்று கூறினால், தொலைபேசியில் தமிழ் உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். இதற்குக் கட்டணம் இல்லை. சிறு பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியர்களுக்கு இத்துறையில் துணை நிற்பது தேசிய நச்சுத் தகவல் சேவையாகும். 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இச்சேவையின் முதல் நிலையங்களுள் ஒன்று இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் அமைந்திருந்தது. இன்று பேர்மிங்காம், கார்டிஃப், எடின்பரோ, நியூகாசில் ஆகிய நகரங்களில் அதன் பிரிவுகள் இயங்குகின்றன. பொதுமக்கள் இச்சேவையை நேரடியாக அழைக்க இயலாது. 111 வழியாகவும் வைத்தியர் வழியாகவுமே அதன் அறிவு உங்களை வந்தடையும்.

பரசிற்றமோல்

இலங்கையில் பனடோல் என்று நாம் அறிந்த மாத்திரையே இங்கு பரசிற்றமோல் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. உரிய அளவில் எடுத்தால் பெரும்பாலானோருக்கு இது பாதுகாப்பானது. 500 மில்லிகிராம் மாத்திரையாயின் வளர்ந்தோர் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு எடுக்கலாம். இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணித்தியால இடைவெளி வேண்டும். 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைகளுக்கு மேற்படக்கூடாது. உடல் எடை மிகக் குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் இதனிலும் குறைவாக எடுக்கவேண்டியிருக்கும். அவர்கள் மருந்தாளரிடம் கேட்டறிதல் நன்று.

பலர் அறியாமலேயே இவ்வளவைக் கடந்துவிடுகின்றனர். தடிமன், காய்ச்சலுக்கான சுடுபானப் பொடிகள், சளி மாத்திரைகள், கோகோடமோல் போன்ற வலி நிவாரணிகள் ஆகியவற்றிலும் பரசிற்றமோல் கலந்துள்ளது. ஊரிலிருந்து வந்த பனடோல் அட்டையையும் இங்கு வாங்கிய பரசிற்றமோலையும் இருவேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் எடுப்பவர்களும் உளர். பிள்ளைகளுக்கான பாணி மருந்து 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. மூத்த பிள்ளையின் போத்தலிலிருந்து கைக்குழந்தைக்கு ஊற்றினால், அளவு இருமடங்குக்கும் மேலாகிவிடும். மருந்துடன் தரப்படும் அளவுக் கரண்டியையோ ஊசிக்குழலையோ மட்டுமே பயன்படுத்துங்கள். "ஒரு கரண்டி" என்பது எம்மவர் சமையலறையில் ஓர் அளவன்று.

இம்மருந்து நஞ்சாவது எவ்வாறு? உட்கொண்ட பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் தீங்கின்றி மாற்றி வெளியேற்றுகிறது. ஒரு சிறு பகுதி மாத்திரம் நச்சுப்பொருளாக மாறுகிறது. ஈரலில் உள்ள குளூட்டாதயோன் என்னும் பொருள் அதனை முறித்துவிடுகிறது. அளவு மீறும்போது குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. எஞ்சிய நச்சுப்பொருள் ஈரல் கலங்களை அழிக்கத் தொடங்குகிறது.

இங்கே மிகுந்த கவனம் தேவை. முதல் நாளில் குமட்டல் மட்டும் இருக்கலாம். எவ்வித குறியும் இல்லாமலும் இருக்கலாம். "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் நிம்மதியடைவர். இரண்டாம், மூன்றாம் நாட்களில் வலது விலாவின் கீழ் வலியும், கண் மஞ்சளாதலும், மனக்குழப்பமும் தோன்றும்போது ஈரல் பெரிதும் சிதைந்திருக்கும். அந்நிலையில் சிலருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சையே எஞ்சிய வழியாகும். தென் இலண்டனிலுள்ள கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையின் ஈரல் பிரிவு இத்தகைய நோயாளரைப் பொறுப்பேற்கும் நிலையங்களுள் ஒன்று.

இத்துயரம் தவிர்க்கக்கூடியது. அசிற்றைல்சிஸ்ரீன் என்னும் நச்சுமுறி மருந்து, தீர்ந்துபோன குளூட்டாதயோனை ஈரல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ள உதவுகிறது. 1970களில் எடின்பரோ வைத்தியர்கள் இதனை நாளத்தின் வழியாகச் செலுத்தும் முறையை வகுத்தனர். உட்கொண்ட 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் இது மிகச் சிறந்த பலனைத் தரும். பிந்தினாலும் கொடுக்கப்படும், ஆயினும் பலன் குறையும். ஆகவே நோய்க்குறி தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதல் சாதாரணக் கடைகளில் ஒரு பொதியில் 16 மாத்திரைகளும் மருந்தகங்களில் 32 மாத்திரைகளும் மட்டுமே விற்கலாம் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கடைக்காரர் கூடுதலாகத் தர மறுப்பதற்குக் காரணம் இதுவே. அவ்விதியைத் தொடர்ந்த 11 ஆண்டுகளில், இங்கிலாந்திலும் வேல்சிலும் பரசிற்றமோல் நஞ்சால் ஏற்பட்ட மரணங்கள் ஏறத்தாழ 43 சதவீதம் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கையெட்டும் தூரத்தில் பெருமளவு மருந்து இல்லாதிருப்பதே ஒரு பாதுகாப்பாகும். எனவே வீட்டிலும் மாத்திரைகளைச் சேமித்து வைக்கவேண்டாம். எஞ்சியவற்றை எந்த மருந்தகத்திலும் ஒப்படைக்கலாம். அவர்கள் முறைப்படி அழித்துவிடுவர்.

தாத்தா, பாட்டியின் மாத்திரைப் பெட்டி

நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் எம்மவரிடையே மிகுந்து காணப்படுகின்றன. இந்நோய்களுக்கான மாத்திரைகள் சிறியவை, நிறம் உடையவை, சில வேளை இனிப்புப் பூச்சுக் கொண்டவை. நீரிழிவுக்கான கிளிக்ளசைட் போன்ற மாத்திரை ஒன்றே குழந்தையின் குருதியில் சீனியை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். வைத்தியசாலையில் குளுக்கோசும், தேவையாயின் ஒக்ரியோரைட் என்னும் மருந்தும் கொடுக்கப்படும். கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரைகளும் குழந்தைகளுக்கு நஞ்சாகும்; அவற்றுக்கு டெஸ்ஃபெரியொக்சமீன் என்ற நச்சுமுறி மருந்து உண்டு.

நாள் கிழமை குறித்த மாத்திரைப் பெட்டிகளைக் குழந்தைகள் எளிதில் திறந்துவிடுவர். தலையணைக்குக் கீழும் சாமித்தட்டிலும் கைப்பையிலும் மருந்துகளை வைப்பதைத் தவிர்த்து, உயரமான பூட்டிய அலுமாரியில் வையுங்கள். குழந்தை திறக்க இயலாதது என்று கூறப்படும் மூடிகள் குழந்தையைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றாகத் தடுக்கமாட்டா. சிறு வட்ட மின்கலத்தைக் குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், சில மணித்தியாலங்களுக்குள் உணவுக்குழாய் அரிக்கப்பட்டுவிடும் என்பதால், தாமதியாது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மோர்பீன், திரமடோல், கொடீன் போன்ற கடும் வலி நிவாரணிகள் அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுபோகும். ஹெரோயினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றை நலொக்சோன் சில நிமிடங்களில் முறிக்கிறது. ஆயினும் அதன் வலிமை விரைவில் தேய்ந்துவிடுவதால், கண் விழித்தவரும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். 2015 முதல் போதைப்பொருள் சிகிச்சைச் சேவைகள் இம்மருந்தை வைத்தியர் சீட்டு இன்றியே பயனாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வழங்க இயலும்.

துப்புரவுப் பொருட்களும் காணாத வாயுவும்

பிளீச்சையும், சுண்ணாம்புக் கறை நீக்கும் அமிலத் திரவத்தையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். பிளீச்சுடன் அமோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தாலும் நச்சு வாயு எழும். சன்னலில்லாக் குளியலறையில் இவை மூச்சுக்குழாயைக் கடுமையாகப் புண்படுத்தும். குளோரினுக்குத் தனியான நச்சுமுறி மருந்து இல்லை. தூய காற்றும், ஒட்சிசனும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளுமே சிகிச்சை. ஒரு திரவத்தை முற்றாகக் கழுவிய பின்னரே மற்றையதைப் பயன்படுத்துங்கள். எத்திரவத்தையும் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கவேண்டாம்.

காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. பழுதடைந்த கொதிகலன், அடைபட்ட புகைபோக்கி, உள்ளறையில் எரியும் கரியடுப்பு ஆகியவற்றிலிருந்து இது வெளிப்படும். தைமாதக் குளிருக்கு அஞ்சி, மூடிய கராஜுக்குள் கரியடுப்பு மூட்டிப் பொங்கல் பொங்குவது பேராபத்தாகும். குருதியின் ஹீமோகுளோபினுடன் இவ்வாயு ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பிணைந்துகொள்கிறது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு ஆகியவையே குறிகள். எனவே பலர் தடிமன் காய்ச்சல் என்று தவறாகக் கருதுகின்றனர். வீட்டில் அனைவருக்கும் ஒரே வேளையில் தலைவலி வந்து, வெளியே சென்றதும் அது தணியுமாயின், இவ்வாயுவையே முதலில் ஐயுறவேண்டும். இதற்கு நச்சுமுறி மருந்து ஒட்சிசனே. வெளியேறி, எரிவாயு அவசர சேவையை 0800 111 999 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

2022 ஒக்டோபர் 1 முதல், எரிவாயு அடுப்பு நீங்கலாக, நிலையான எரிசாதனம் உள்ள ஒவ்வொரு வசிப்பறையிலும் காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துவது இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமையாகும். வாடகை வீட்டின் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுதோறும் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு பரிசோதித்து, அதன் சான்றிதழின் பிரதியை வாடகையாளருக்கு வழங்குவதும் அவரது கடமையே. வீட்டு உரிமையாளர் இவற்றைச் செய்ய மறுத்தால், நகரசபையின் வீடமைப்புப் பிரிவிடம் முறையிடலாம்.

ஊரிலிருந்து வருபவை

சித்த, ஆயுர்வேத மருந்துகளுள் பற்பம், செந்தூரம் எனப்படும் சிலவற்றில் பாதரசம், ஈயம், பாஷாணம் ஆகியன மருந்து முறைப்படியே சேர்க்கப்படுகின்றன. இவற்றை நீண்ட நாள் உட்கொள்பவருக்கு வயிற்று வலி, குருதிச்சோகை, நரம்புத் தளர்ச்சி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியன நேரலாம். கர்ப்பிணி உட்கொண்டால் ஈயம் சிசுவையும் சென்றடையும். சருமத்தை வெளுப்பாக்கும் சில களிம்புகளிலும் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. அவற்றை விற்பது இந்நாட்டில் குற்றமாகும். உலோகங்களைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. ஆனால் வைத்தியர் உலோக நஞ்சைச் சந்தேகித்துக் குருதியைப் பரிசோதித்தாலன்றி அவை தரப்படமாட்டா. ஆகவே நாட்டு மருந்து எடுப்பதை உங்கள் ஜீபீயிடம் தயக்கமின்றிக் கூறுங்கள்.

விடுமுறையில் ஊர் செல்வோர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். 2024 யூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தால் 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். மெதனோல் உடலில் போமிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பையும் உயிரையும் அழிக்கிறது. அம்மாற்றத்தைத் தடுக்கும் ஃபொமெபிசோல், அல்லது வைத்தியர் கண்காணிப்பில் கொடுக்கப்படும் எதனோல், நச்சுமுறி மருந்தாகும். மது அருந்திய பின் பார்வை மங்கினால் மணித்தியாலங்களை வீணாக்குதல் ஆகாது.

அலரிச் செடியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். மஞ்சள் அலரியின் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைப்பது. இலண்டன் தோட்டங்களில் மலரும் நரிக்கையுறைப் பூச்செடியும் அதே தன்மையது. இவற்றுக்குச் செம்மறியாட்டிலிருந்து பெறப்படும் பிறபொருளெதிரி நச்சுமுறி மருந்தாகும். அலரி நஞ்சுக்கு அது பயன் தருவதை இலங்கை வைத்தியசாலையில் நடைபெற்று 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. ஆயினும் அதன் விலை அங்குள்ள ஏழை நோயாளருக்கு எட்டாததாகவே இருந்தது.

பூச்சிகொல்லிகளைப் பொறுத்தவரை இலங்கையின் பட்டறிவு உலகுக்கே பாடமாயிற்று. ஓகனோபொஸ்பேற்று வகைக்கு அத்ரோப்பீனும் பிரலிடொக்சைமும் கொடுக்கப்படுகின்றன. பரகுவாற் களைகொல்லிக்கு நச்சுமுறி மருந்தே இல்லை. 1995இல் இலங்கையில் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். அவ்வாண்டு முதல் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாற்றும் அகற்றப்பட்டது. 2005 அளவில் அவ்வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, பின்னரும் குறைந்துவந்தது. துயரத்தின் உச்சக் கணத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டாமற் போனால், அக்கணம் கடந்தபின் பெரும்பாலோர் வாழவே செய்கின்றனர் என்பதை இது காட்டுகிறது.

சட்டம் பற்றிய அச்சம் வேண்டாம்

வேண்டுமென்றே மாத்திரை உட்கொண்ட ஒருவரை, பொலிசார் வருவர், விசா பறிபோகும், ஊரார் அறிவர் என்றெல்லாம் அஞ்சி வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது எம் சமூகத்தில் நிகழ்கிறது. மேலே கூறிய 8 மணித்தியாலங்கள் அந்த அச்சத்திலேயே கழிந்துவிடுகின்றன.

இங்கிலாந்திலும் வேல்சிலும் தற்கொலைக்கு முயல்வது 1961ஆம் ஆண்டின் தற்கொலைச் சட்டத்தின் பின் குற்றமன்று. இலங்கையிலும் 1998இல் அது குற்றமென்பது நீக்கப்பட்டது. "என்ன உட்கொண்டீர்கள்?" என்று வைத்தியர் வினவுவது உரிய நச்சுமுறி மருந்தைத் தெரிவதற்காகவேயாகும், அவர் இரகசியம் பேணும் கடமைக்குக் கட்டுப்பட்டவர்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அளிக்கப்படும் சிகிச்சைக்கு, குடிவரவு நிலை எதுவாயினும், எவரிடமும் கட்டணம் அறவிடப்படுவதில்லை. விடுதியில் அனுமதிக்கப்பட்ட பின்னர் சிலருக்குக் கட்டணம் விதிக்கப்படலாம். அகதிகளும், புகலிடக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளோரும் அதிலிருந்தும் விலக்களிக்கப்பட்டவர்கள். கட்டணம் உண்டெனினும், உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணத்தை முன்னிட்டு மறுக்கவோ தாமதப்படுத்தவோ முடியாது.

உயிர் தப்பியவரை ஏசுவதும் வினாக்களால் துளைப்பதும் உதவா. அருகில் இருங்கள், அவர் கூறுவதைச் செவிமடுங்கள், மருந்துகளை அகற்றிப் பூட்டி வையுங்கள். உங்களுக்கே வாழ்வில் பிடிப்பற்றுப்போனதாகத் தோன்றினால், கீழ்க்காணும் இலக்கங்களில் ஒன்றை இன்றே அழையுங்கள்.

தேவைப்படும் இலக்கங்கள்

உயிராபத்து: 999
நச்சுப் பாதிப்புப் பற்றிய ஆலோசனை: 111
மனநல நெருக்கடி: 111ஐ அழைத்து 2ஐ அழுத்தவும்
சமாரித்தன்ஸ், இரவு பகலாக, இலவசம்: 116 123
எரிவாயு அவசர சேவை: 0800 111 999

இப்பட்டியலை வெட்டியெடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கலாம். ஆங்கிலம் வாசிக்க இயலாத மூத்தோருக்கு ஒவ்வோர் இலக்கத்தின் பயனையும் விளக்கிக் கூறுங்கள்.